ஸொம்பிக்கு ஒரு பொலிஸ் அனுமதி

போன செவ்வாய்க்கிழமை காலை, பொலிஸ் நிலையமொன்றில், பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னாலிருந்த கதிரையில் உட்கார்ந்துகொண்டு, செத்தவர்கள் எப்படி எழுந்து நடப்பார்கள் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

சிங்களத்தில்.

என் சிங்களம் மோசமில்லை. கண்டியில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தப் பாஷையில் தேங்காய்க்குப் பேரம் பேசுவேன், அரசாங்கக் கந்தோரில் கிளாக்கரோடு சண்டை பிடிப்பேன். ஆனால் ஸொம்பிக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது? "நடக்கும் பிணம், சேர்" என்றேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"எங்கே நடக்கிறது?"

"அம்பிட்டியவில்."

பேனையை மறுபடி எடுத்தார்...

கொஞ்சம் பின்னால் போவோம். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் சாரணர்களுக்கும் நான்தான் பொறுப்பு. பழைய சேர் இடமாற்றத்தில் போய்விட்டார், "யார் எடுக்கிறீர்கள்?" என்று அதிபர் கேட்டபோது என் கை தானாக உயர்ந்துவிட்டது. என் கை அப்படித்தான், இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

முப்பத்திரண்டு பையன்கள். எங்கள் சாரணர்கள் ஐந்து வருஷமாக ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. ஒவ்வொரு வருஷமும் திட்டம் போடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் எங்கேயோ குண்டு வெடிக்கும், இல்லாவிட்டால் ஊரடங்கு வரும். கூடாரங்கள் ஸ்டோர் ரூமில் எலிகளுக்குக் குடியிருப்பாகிவிட்டன. பெரிய பையன்கள் ஒன்பது பேர் இந்த வருஷத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறார்கள். கூடாரத்தில் படுக்காமலே சாரணனாக இருந்து முடிப்பதா? பந்தையே தொடாமல் ஐந்து வருஷம் கிரிக்கெட் டீமில் இருந்த மாதிரியல்லவா!

இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அதிபர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் பொலிஸ் அனுமதி. கையெழுத்து வராவிட்டால் முகாம் இல்லை.

சரி, ஸொம்பி எங்கிருந்து வந்தது?

அஸ்லமிடமிருந்து. பிலிமத்தலாவையில் அவனுடைய வாப்பாவுக்கு வீடியோ கடை. கடைக்கு வரும் பேய்ப் படம் எல்லாவற்றையும் முதலில் பார்ப்பது இவன்தான். ஒரு நாள் நான் முடிச்சுப் போடக் காட்டிக்கொண்டிருந்தபோது கேட்டான்:

"இந்த முடிச்சு என்னத்துக்கு மிஸ்? ஸொம்பி வந்தா கட்டிப் போடவா?"

அவன் நக்கலுக்குத்தான் கேட்டான். எனக்குப் பொறி தட்டிவிட்டது.

ஸொம்பிக்கு ஓடத் தெரியாது. ஆனால் சத்தம் கேட்டால் வரும், வெளிச்சம் கண்டால் வரும், புகை கண்டால் வரும். ஆகவே சத்தமில்லாமல் கூடாரம் அடிக்க வேண்டும். புகை எழாமல் அடுப்பு மூட்ட வேண்டும். ஓடைத் தண்ணீரை வடித்துக் கொதிக்க வைக்க வேண்டும். கடிபட்டவனை, இரண்டு கம்பில் இரண்டு சேர்ட்டைக் கோத்துப் படுக்கவைத்துத் தூக்கிவர வேண்டும். சாரணர் புத்தகத்தில் இருக்கும் அதே பாடங்கள்தான்... ஆனால் இந்தத் தடவை ஒருவனும் கொட்டாவி விடவில்லை. பழைய மாணவர்கள் ஆறு பேர் ஸொம்பிகளாக நடிக்க ஒப்புக்கொண்டார்கள். முகத்துக்குப் பவுடர், வாய்க்குப் பீட்ரூட்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். "ஸொம்பி வருகிறது. வீட்டைவிட்டு ஓட இரண்டு நிமிஷம் இருக்கிறது. எந்த ஐந்து பொருளை எடுப்பீர்கள்?" தண்ணீர், தீப்பெட்டி, கத்தி, டோர்ச், கயிறு. இதுதான் நான் எதிர்பார்த்த விடை.

தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். இருபத்தொன்பது தாளில் முதலாவது பொருள் ஒன்றுதான் — ஐடென்டி கார்ட். கார்ட் எடுக்கும் வயது வராதவர்கள் பிறப்புச் சான்றிதழ் என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் "ஒரிஜினல்" என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தான்.

"டேய், ஸொம்பி வந்து ஐடென்டி கேக்குமாடா?"

துவாரகன் எழும்பினான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே சேர்ந்து மூன்று வருஷமாகிறது. எனக்குப் புரிய வேண்டுமே என்ற பொறுமையோடு சொன்னான்:

"ஸொம்பி கேக்காது மிஸ். ஸொம்பியைப் பிடிக்க வாற ஆமி கேக்கும்."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

பிறகு என் பாடக் குறிப்பைப் பார்த்தேன். 'சத்தம் காட்டாமல் நடமாடுவது எப்படி' என்று ஒரு மணித்தியாலப் பாடம் தயாரித்து வைத்திருந்தேன். யாருக்கு? பஸ்ஸில் ஒரு வார்த்தை தமிழ் பேசாமல் தினமும் வீடு போய்ச் சேரும் பிள்ளைகளுக்கு! அந்தப் பாடத்தைக் கிழித்துப் போட்டேன். அதில் நான்தான் கடைசி வாங்கில் உட்கார வேண்டிய மாணவி.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். பொலிசுக்கான கடிதத்தை நானே சிங்களத்தில் எழுதினேன். யாரிடமும் காட்டவில்லை. இளமைத் திமிர்!

விஷயம்: உயிர் பிழைக்கும் பயிற்சி முகாம். பங்குபற்றுவோர்: தமிழ் பேசும் இளைஞர் முப்பத்திரண்டு பேர். இடம்: அம்பிட்டியவில் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவு. கொண்டு செல்லும் பொருட்கள்: கத்தி எட்டு, கோடரி இரண்டு, கயிறு நூறு மீற்றர், திசைகாட்டி நான்கு, அந்தப் பகுதியின் வரைபடம் ஒன்று. நோக்கம்: எதிரியின் கண்ணில் படாமல் மலையில் தங்கப் பழகுவது.

வாசகர்களே, அதை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் நான் வாசிக்கவில்லை. அதிகாரி வாசித்தார். மூன்று தடவை.

"பயிற்சி முகாம்?" என்றார், ஒவ்வொரு எழுத்தாக.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த நாட்டில் முகாம் என்றால் சும்மாவா? ஆமி இருந்தால் ஓர் அர்த்தம். வீடெரிந்தவர்கள் பாய் விரித்துப் படுத்திருந்தால் இன்னோர் அர்த்தம். தமிழ்ப் பையன்களும் பயிற்சியும் பக்கத்தில் வந்தால்... அது மூன்றாவது. கூடாரம் அடித்து, பாட்டுப் பாடி, பருப்பைக் கருக்கிச் சாப்பிடுவது என்ற நாலாவது அர்த்தம் சாரணர் புத்தகத்தில் மட்டும்தான் மிச்சம்.

"யார் எதிரி?"

"அந்த நடக்கும் பிணம்தான், சேர்."

"யாருடைய பிணம்?"

என் சிங்களம் அந்த இடத்தில் நின்றுபோனது. முப்பத்திரண்டு பையன்களின் முகமும் கண்ணுக்குள் வந்து போனது. முகாமை விடுங்கள், நானே வீடு போய்ச் சேருவேனா?

அப்போது கதவடியில் கோப்போடு நின்ற இளம் கொன்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார்.

"சேர், மிஸ் சொல்வது ஸொம்பி. வீடியோவில் வருமே..."

அதிகாரிக்கு விளங்கவில்லை. கொன்ஸ்டபிள் கோப்பைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். வாயைக் கோணலாக்கினார். சப்பாத்துக் காலொன்றை இழுத்து இழுத்து, அலுமாரியைச் சுற்றி, மேசையைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்தார். உறுமல் வேறு. பக்கத்து அறையிலிருந்து ஒரு சார்ஜன்ட் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனார்.

அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். முடியவில்லை.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. 'பயிற்சி முகாம்' மேல் ஒரு கோடு இழுத்து, 'உல்லாசப் பயணம்' என்று தன் கையாலேயே எழுதினார். 'எதிரி'யை வெட்டினார். "சமைக்க நாலு கத்தி போதும்" என்றார். வரைபடத்தையும் வெட்டினார்: "அம்பிட்டியவில் தொலைந்து போக எங்கே மிஸ் இடமிருக்கிறது?" முப்பத்திரண்டு பேருடைய அடையாளப் பத்திரங்களின் பிரதியும் வியாழக்கிழமைக்குள் வர வேண்டும். இரவு முழுக்க இரண்டு கொன்ஸ்டபிள்கள் எங்களோடு காவலுக்கு இருப்பார்கள்.

கையெழுத்துப் போட்டார். முத்திரையும் விழுந்தது. வரும் சனிக்கிழமை நாங்கள் போகிறோம்! ஒன்பது பேரும் கூடாரத்தில் படுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்தை விடுவார்கள்.

வெளியே வந்து கேற்றடியைத் தாண்டும்போது பின்னால் சப்பாத்துச் சத்தம். அதே கொன்ஸ்டபிள்.

"மிஸ், காவலுக்கு என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். நானும் ஒரு ஸொம்பியாக வரட்டுமா?"

"கட்டாயம் வாங்க. ஆனால் யூனிஃபோமோடு வேண்டாம்."

"ஏன் மிஸ்? யூனிஃபோமோடு துரத்தினால்தானே பையன்கள் நன்றாகப் பயப்படுவார்கள்?"

"அதனால்தான்" என்றேன்.

அவர் சிரிக்க வாயெடுத்தார், நிறுத்தினார். தன் காக்கிச் சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அப்படியென்றால் வீட்டில் கட்டும் சாரத்தோடு வருகிறேன்" என்றார்.

சாரம் கட்டிய ஸொம்பி. எந்த நாட்டு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள், சொல்லுங்கள்?