எல்லா ஊட்டுலயும் ஆமாங்க

யுவஸ்ரீ என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில். என் கடைசித் தம்பி வேலுமணி என் கையில் சர்க்கரைப் பொட்டலத்தை வைத்து, "பொண்ணு பொறந்திருக்குதுக்கா, யுவஸ்ரீன்னு வெக்கறோம்" என்றான். "அது யாரு பேருடா?" என்றேன். பங்காளி வகையிலும் மாமன் மச்சான் வகையிலும் யாருக்குமே அந்தப் பேர் கிடையாது. "யாரு பேரும் இல்லக்கா, புதுசு" என்றான்.

அந்தப் புள்ள சேலத்தில் காலேஜ் முடித்து, முருகானந்தம் என்பவர் அச்சாபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அவருக்குப் பாட்டென்றால் உசுரு. பாட்டுக்கென்றே மாசம் ஒரு பத்திரிகை போட வேண்டும், அதற்கு வாழப்பாடியில் இருக்கும் தென்னந்தோப்பை விற்றுவிடலாம் என்று இருந்தார். விற்பதற்கு முந்தி, வாங்கிப் படிக்க ஆளிருக்கிறதா என்று நூறு வீட்டில் கேட்டு வரச் சொல்லி, பத்திரிகைக்கென்றே வேலைக்கு எடுத்த இவளை அனுப்பினார். கேள்வித் தாளோடு நேராக நாமகிரிப்பேட்டைக்கு என்னிடம் வந்து நின்றாள்.

"தெரியாத ஊட்டுப் படி ஏறக் கூச்சமா இருக்குதுங்க அத்தை. நீங்க கூட வாங்க."

எனக்கா வீடு தெரியாது? கொழுந்தனார் சம்பந்தி வீடு, பெரியப்பன் பேரன் பெண்ணெடுத்த வீடு என்று மூன்று நாள் கூட்டிப் போனேன். போன இடமெல்லாம் காப்பி. பத்திரிகை வந்தால் வாங்குவீங்களா? வாங்கறோஞ் சாமி. மாசாமாசமா? ஆமாஞ் சாமி. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர். தாளைப் பார்த்ததும் முருகானந்தம் புதன்கிழமை தோப்பை எழுதிக் கொடுப்பதென்று நாள் குறித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் சென்னியம்மாள் என் காதோரம் வந்தாள். என் சின்ன மாமியாரின் மருமகள் அவள்.

"ஏனுங்கக்கா, அந்தப் புக்கை எத்தனை மாசம் வாங்கோணுங்க? புள்ளைக்குக் கண்ணாலம் ஆகற வரைக்கும் போதுமுங்களா? எங்கூட்டுல படிக்கறதுக்கு யாருங்க இருக்கறாங்க?"

நான் பக்கத்தில் நின்றேன், எவள் இல்லை என்பாள்? யுவஸ்ரீக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் கேட்டாள்:

"நூறுல ஒருத்தர்கூட வேத்தாள் இல்லீங்களா அத்தை?"

யோசித்துப் பார்த்தேன். உறவில்லாதவர்கள் நாலு பேர் இருந்தார்கள். இல்லை என்று சொன்ன நாலு பேரும் அவர்கள்தான்.

திங்களும் செவ்வாயும் நான் இல்லாமல், நமக்கு உறவே இல்லாத ஆத்தூர்ப் பக்கத் தெருக்களுக்குப் போனாள். வாங்குவீங்களா என்று கேட்கவில்லை. போன மாசம் வாங்கின பத்திரிகை ஏதாவது இருந்தால் எடுத்து வந்து காட்டச் சொன்னாள். ஐம்பது வீட்டில் மூன்று வீட்டில்தான் காட்டினார்கள். மற்றவர்கள், "பாட்டுதான் போன்லயே வருதேம்மா, அதுல படிக்க என்ன இருக்கு?" என்று கேட்டு அனுப்பினார்கள்.

செவ்வாய் சாயங்காலம் அச்சாபீஸ் வாசலில் இருந்து போன். "சொல்லிட்டா என் வேலை போயிருமுங்க அத்தை. நாளைக்குப் பத்திரம்."

கெடுத்தவளே நான். அவள் போனை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

முருகானந்தம் ஆத்தூரில் எழுதி வந்த இரண்டாவது தாள் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "முதல் கட்டுல இருக்கறவங்க எல்லாம் யாரும்மா?"

"எங்க சொந்தக்காரங்க சார்."

அவர் பத்திரத்துக்குப் போகவில்லை. பத்திரிகையும் வரவில்லை. அதற்கென்று எடுத்த ஆளுக்கு அங்கே வேலையும் இல்லை என்றாயிற்று. வேலுமணி ஆறு மாசம் என்னோடு பேசவில்லை.

யுவஸ்ரீ இப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஆபீசில் வேலை பார்க்கிறாள்.