தூணுக்கு மேல் கட்டிய வீடு

எங்கள் ஊர் லூரா ஈத்தாமில் வெள்ளைக் கோழியும் கறுப்பு முட்டைதான் இடும். நானே இரண்டு தின்றிருக்கிறேன். இதை நம்பாவிட்டாலும் போகிறது, ஜமாரிஸ் கதையை நம்புங்கள்.

சுமத்ரா மலைகளுக்கு நடுவே எங்கள் ஊரை முதலில் தோண்டியவன் டச்சுக்காரன், விலங்கு பூட்டிய கைதிகளை வைத்து. அப்புறம் ஜப்பான்காரன், அப்புறம் நம்மவர்கள். ஆள் மாறினாலும் வேலை ஒன்றுதான். நிலக்கரியை வெட்டிக்கொண்டு போகும்போது, மலை தலையில் விழாமலிருக்க, இடையிடையே கரியையே பெருந்தூண்களாக விட்டுவைப்பார்கள். ஜமாரிஸ் அந்த வேலைக்கு மேஸ்திரி. கீழே நின்றபடியே, மேலே எந்த வீட்டில் தேங்காய் துருவுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்.

அப்படித் தூண் விட்டுத் தோண்டியும் மேலே வீடுகள் சாய்ந்தன. பள்ளிவாசல் குளம் ஒரு வெள்ளிக்கிழமை மீன்களோடு காணாமல் போயிற்று.

எங்கள் மினாங் இன வழக்கத்தில் வீடும் நிலமும் பெண்களுடையவை. ஆண் தன் மனைவி வீட்டில் விருந்தாளி. அவன் காக்க வேண்டியது தங்கை வீட்டை, தாய்மாமனாக. தங்கை ரொஸ்னிதாரின் வீட்டில் விரிசல் விட்டதும், ஜமாரிஸ் சுரங்க வாயிலிலிருந்து மலைமேல் அடி அளந்து நடந்து ஓரிடத்தில் அரிவாளை நட்டார். நேர் கீழே, இருப்பதிலேயே பெரிய தூண்.

“இங்க கட்டு. எவன் வந்து காலி பண்ணச் சொன்னாலும் கேக்காத. நானே வந்து சொன்னாலும், யாரோ மெரட்டி அனுப்பியிருக்காங்கன்னு வச்சுக்க.”

பதினோரு வருஷம் அந்த வீட்டில், விளிம்புவரை ஊற்றிய காப்பிகூடச் சிந்தவில்லை. நிலம் கேட்டு வந்த அதிகாரிகளை ரொஸ்னிதார் இரண்டு முறை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

பிறகு சுரங்கத்தை மூட முடிவாயிற்று. மூடுவதற்கு முன் தூண்களிலுள்ள கரியையும் எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. ஒரே ஒரு தூணை மட்டும் விட்டுவிடும்படி ஜமாரிஸ் பொறியாளரிடம் கெஞ்சினார். அவர் வரைபடத்தைப் பார்த்தார். அதில் அந்த இடத்தில் வீடே இல்லை.

ஜமாரிஸ் தங்கையிடம் போனார். அவள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

“ரொஸ், வீட்டைக் காலி பண்ணு. தூணை எடுக்கப் போறாங்க.”

“ரொம்ப மெரட்டிட்டாங்களாண்ணே? மொகமே வெளுத்துப் போச்சு.”

“யாரும் மெரட்டல. எடுக்கப் போறதே நாந்தான்.”

“நீங்க என் வீட்டோட கால வெட்டுவீங்களாக்கும். ஒக்காருங்க, பலாக்காய்க் கறி இருக்கு.”

மூன்று மகள்களும் மாமா நன்றாக நடிக்கிறார் என்று சிரித்தார்கள். அவர் போய் முறையிட்ட குடும்பப் பெரியவர்களும் கண்ணடித்து அவரை வழியனுப்பினார்கள்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அந்தத் தூணுக்கு வேறு மேஸ்திரியைப் போடுவதாகச் சுரங்கத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவன் வெட்டினால் ஒரே நாளில் முடித்துவிடுவான். தானே வெட்டினால் நாளுக்கு ஒரு சாண் சீவலாம், வீடு முனகும், முனகினால் ஓடிவிடுவார்கள். இப்படிக் கணக்குப் போட்டு அவரே கடப்பாரையை எடுத்தார்.

ஐந்து நாள் சீவினார். ஐந்து மாலையும் மேலேறிப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. “பாத்தீங்களா, நீங்க காட்டுன எடமாச்சே” என்றாள் தங்கை, பெருமையாக.

ஆறாம் நாள் மதியம், யாரும் தொடாதபோது, தூண் தானாக வெடித்தது. ஜமாரிஸும் கூட இருந்த ஆட்களும் வெளியே ஓடித் தப்பினார்கள். மேலே வீடு சாயவில்லை, நேராக இறங்கிவிட்டது, ரொஸ்னிதாரோடும் கடைசி மகளோடும். மூத்தவர்கள் இருவரும் சந்தையில் இருந்தார்கள். குழிக்குப் பக்கத்தில் போகவே விடாததால், அடக்கம் செய்ய உடல் கிடைக்கவில்லை. ஓரத்தில் நின்றே தொழுதோம்.

ஏழாம் நாள் அந்த இரண்டு பெண்களும் வழக்கப்படி தாய்மாமன் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

“மாமா, நாங்க எங்க கட்டிக்கறது?”

அதற்குப் பின் ஜமாரிஸ் பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்தார். கடைத்தெருவுக்கு வழி கேட்ட வெளியூர்க்காரனுக்குக்கூடக் கை நீட்டிக் காட்டியதில்லை.