கிள்ளானில் மழைப் பாட்டு நேரம்

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்கூட ஆவதில்லை. பகல் ரயிலில் சென்னைக்குப் போவதைவிடச் சீக்கிரம். ஒவ்வொரு முறையும் வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் கிளம்புகிறேன். கணவர் இப்போதெல்லாம் மறுப்பதில்லை. மாத்திரை டப்பா எடுத்து வைத்தாயா என்று மட்டும் கேட்கிறார்.

கோயிலுக்காகப் பயணம் போகிறவர்கள் உண்டு, கடை வீதிகளுக்காகப் போகிறவர்கள் உண்டு. நான் கச்சேரிக்காகப் போகிறவள். காலில் சக்கரம், காதில் பசி. கேட்டவற்றுள் மிகச் சிறந்தது எது என்று மனத்துக்குள் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். அது மாதத்துக்கொரு முறை மாறும். மன்னார்குடியில் ஒரு திருவிழா இரவு, கரண்ட் போன பிறகும் நாகஸ்வரம் நிற்கவில்லை. தெருவே இருட்டில் அசையாமல் நின்று கேட்டது. விளக்கு வந்ததும் ஏதோ களவில் அகப்பட்டவர்கள்போல ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளி மைதானம். ஜெனரேட்டர் இரைச்சல் தற்செயலாகச் சுருதியோடு சேர்ந்துகொள்ள, பாடகி ஒரு கணம் நிறுத்தி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தாள். நெடுங்காலமாக இந்த இரண்டும்தான் முதலிடத்துக்கு முட்டிக்கொண்டிருந்தன.

இந்த முறை என்னைக் கிளப்பியது போனில் வந்த ஒரு குரல் செய்தி. அனுப்பியவர் கிள்ளானைச் சேர்ந்த இந்திராணி அக்கா. "ஏ திருச்சி, இந்த ஷோவுக்கப்புறம் மழைப் பாட்டு இல்லயாம். கேக்கணும்னா இப்பவே வா."

மழைப் பாட்டு என்பது அங்குள்ள ஒரு மெல்லிசைக் குழுவின் சொந்தப் பாட்டு. மெதுவானது. நடுவில் பாடகர் ஒதுங்கிக்கொள்ள, வயலின் மட்டும் தனியாக ஐந்தாறு நிமிடம் போகும். வாசிப்பவர் தேவன் அண்ணன், இந்திராணி அக்காவின் கணவர். திங்கள் முதல் சனி மதியம் வரை கிள்ளான் துறைமுகத்தில் சரக்குக் கம்பெனி ஒன்றில் கிளார்க். ஞாயிறு வந்தால் மேடை. அந்தப் பாட்டு தொடங்கியதும் மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். வெளியே ஒரு வேன் நிற்கும். பின்கதவைத் தூக்கிவிட்டு வடையும், சமோசா மாதிரியான கறிபாப்பும், நுரை வர உயர இழுத்து ஆற்றும் டீயான தே தாரிக்கும் விற்றுக்கொண்டிருப்பது இந்திராணி அக்கா.

முதல் முறை போனபோது நானும்தான் எழுந்து வந்தேன். வடையைக் கடித்தபடி, உள்ளே வாசிப்பது யார் என்று கேட்டேன். "என் வீட்டுக்காரரு" என்றார் அக்கா. வாயிலிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. என் திண்டாட்டத்தைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் தொடங்கியதுதான் எங்கள் சிநேகம்.

சனிக்கிழமை காலை 7.30. விமான நிலையத்திலிருந்து பேருந்தில் கே.எல். சென்ட்ரல், பதினைந்து வெள்ளி. ரிங்கிட் என்று அச்சில் இருக்கிறது. தமிழர் வாயில் அது வெள்ளிதான். ஒரு மணி நேரமும் செம்பனைத் தோப்புகள் ஜன்னலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தன. சென்ட்ரலுக்குப் பின்புறம் நடக்கும் தூரத்தில் பிரிக்பீல்ட்ஸ். பூக்கடைகள் அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருந்தன. ஒரு தெருவோர ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே. ஐந்து வெள்ளிக்குள் முடிந்தது. பில் போட்டவர் என் பேச்சைக் கேட்டதும், "ஊர்லேருந்து வந்திருக்கீங்களா?" என்றார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. இங்கே ஊர் என்றால் ஒன்றுதான்.

10.15. போர்ட் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில். நடுப் பெட்டி பெண்களுக்கானது. அங்கே இடமிருந்தும் நான் பொதுப் பெட்டியில் ஏறினேன், பேச்சுக்குத் துணை கிடைக்கும் என்று. கிடைத்தது. எதிரில் செந்தூலிலிருந்து ஷா ஆலாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் ஒரு பெரியவர், மடியில் ஒரு பை ரம்புத்தான். கச்சேரி கேட்கவா விமானம் ஏறி வந்தீர்கள், எல்லாம்தான் போனிலேயே வருகிறதே என்று என்னைப் பாவமாகப் பார்த்தார். எந்தக் குழு என்று சொன்னேன். முகம் மலர்ந்தது. எல்லா ஷோவும் பார்த்திருக்கிறாராம்.

"அந்த மழைப் பாட்டு இருக்கே," என்றார், "அருமையான பாட்டும்மா. அது வந்தா நான் ஒண்ணுக்குப் போயிட்டு, ஒரு தே குடிச்சிட்டு, நிம்மதியா வந்து ஒக்காருவேன்."

சுபாங் ஜெயா, பத்து தீகா என்று நிலையங்கள் போயின. அவர் இறங்கும்போது கைநிறைய ரம்புத்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

கிள்ளான் நிலையத்தில் இந்திராணி அக்காவே வேனோடு நின்றார். அவர்கள் வீடு இருக்கும் காப்பார் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல. வழியெல்லாம் லோரிகள், செம்பனை, தூரத்தில் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அக்கா ஒரு கையால் வண்டி ஓட்டியபடி மறு கையால் செய்தி சொல்லிக்கொண்டு வந்தார். ஏற்பாட்டாளர் ஒருவர் மேடைக்குப் பின்னால் தேவன் அண்ணனிடம் சொன்னாராம்: அந்தப் பாட்டுக்குக் கூட்டம் கலைகிறது, திரும்பவும் உட்கார வைப்பதற்குள் இரண்டு பாட்டு வீணாகிறது, இனிமேல் அந்த இடத்தில் ஒரு குத்துப்பாட்டு. அண்ணன் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"அவருக்கென்ன, சரின்னுட்டாரு," என்றார் அக்கா. "எனக்கு யாவாரமே அந்தப் பாட்டுலதான். இனி யாரு வெளிய வருவா?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, லோரி ஒன்றைத் தாண்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்: "நான் அத ஒரு தடவைகூட முழுசா கேட்டதில்ல தெரியுமா."

யோசித்துப் பார்த்தால் வேறெப்படி இருந்திருக்க முடியும். அவர் வாசிக்கும்போதுதான் இவருக்குக் கைகள் போதாது. வீட்டில் கேட்டிருப்பீர்களே என்றேன். வீட்டில் அண்ணன் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாகும் என்று கம்பிகளின் மேல் ஒரு ரப்பர்த் துண்டைச் செருகிக்கொண்டுதான் வாசிப்பாராம். "கொசு பாடுற மாதிரி இருக்கும்" என்றார் அக்கா. அன்று மாலை நானும் கேட்டேன். அக்கா சமையலறையில் பருப்பை அரைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்குப் பின்னால், மூடிய அறைக்குள், ஏதோ ஒன்று மெலிதாக அழுவதா சிரிப்பதா என்று முடிவெடுக்காமல் நின்றுகொண்டிருந்தது.

ஞாயிறு பிற்பகல் 2.30 என்று டிக்கெட்டில் இருந்தது. எண்பது வெள்ளி, மூன்றாவது வரிசை, எல்லா இருக்கையும் விற்றுத் தீர்ந்திருந்தது. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் வந்து, மாலை வாங்கி, ஒற்றுமை பற்றிப் பேசி முடித்தபோது மணி 3.20. பிறகு விளக்குகள் அணைந்தன, டிரம்ஸ் நெஞ்சைத் தட்டியது, எனக்குப் பிடித்த அந்த முதல் நடுக்கம் முதுகில் ஓடியது. தேவன் அண்ணன் இடது ஓரத்தில், கீபோர்டுக்கும் தூணுக்கும் நடுவில், வேலைக்கு வந்தவர்போல நேராக உட்கார்ந்திருந்தார்.

ஐந்து பாட்டுகள் போயின. ஆறாவது ஒரு ஜோடிப் பாட்டு. அதன் பிறகு மழைப் பாட்டு என்று அண்ணன் சொல்லியிருந்தார். முதல் முறை வடைக்காக அதை விட்டேன், இந்த முறை அதற்காகவே கடல் தாண்டி வந்திருக்கிறேன். ஆனால் ஜோடிப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழுந்ததாகச் சொல்ல முடியாது. கொசு பாடுகிற மாதிரி என்ற சொல் காதிலேயே நின்றது.

வெளியே வானம் கறுத்திருந்தது. அக்கா வரப்போகும் கூட்டத்துக்காகக் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். டிக்கெட்டை நீட்டினேன்.

"அக்கா, நீங்க உள்ள போங்க. நான் பாத்துக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? இப்பத்தான் எல்லாரும் வரப் போறாங்க."

"அதனாலதான்."

அவர் டிக்கெட்டைப் பார்க்கவில்லை, சட்டியைப் பார்த்தார். எண்ணெய் காய்ந்திருக்கிறது என்றார். எனக்கு வடை தட்டத் தெரியும் என்றேன்.

"தே இழுப்பியா?"

"தெரியாது."

"இழுக்காத. கையைச் சுட்டுக்குவ. சும்மா கலக்கிக் குடு. எவனாச்சும் கேட்டா, கை வலின்னு சொல்லு." தே இரண்டரை, கறிபாப் ஒன்றரை, வடை ஒரு வெள்ளி என்று விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். நாலடி நடந்தார். திரும்பி வந்து தீயைக் குறைத்தார். "உள்ள ஏர்கோன் ரொம்பக் குளிருமா?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல், மாவு படிந்த ஏப்ரனோடு, சின்ன ஓட்டமாகப் படியேறிக் கதவுக்குள் மறைந்தார்.

அடுத்த நிமிடம் கூட்டம் வந்தது. கூடவே மழையும். வேனின் கூடாரத்துக்குள் முப்பது பேர் நெருக்கினார்கள். ஆன்டி ரெண்டு தே, ஆன்டி நாலு வடை புங்குஸ் (பார்சலாம்), ஆன்டி சீனி கம்மியா. ஓர் இளைஞர் டம்ளரை உயர்த்திப் பார்த்து, "நுரையே இல்லயே ஆன்டி" என்றார். கை வலி என்றேன். அக்கா எங்கே என்று பலர் கேட்டார்கள். உள்ளே என்றேன். யாரும் நம்பவில்லை.

வயலின்? அது கதவு திறக்கும்போது மட்டும் வந்தது. ஒருவர் வெளியே வர, ஒரு துண்டு. கதவு சாத்திக்கொள்ளும். மழை, எண்ணெய், சில்லறை. இன்னொருவர் வர, அடுத்த துண்டு. முந்தைய துண்டுக்கும் இதற்கும் நடுவே எங்கே போயிருந்தது, எப்படி ஏறி இங்கே வந்தது என்று தெரியாது. உயரத்தில் ஒற்றை ஸ்வரமாக ஒரு முறை நின்றது. அப்போது பார்த்து, வெளியே வந்த ஒருவர் செருப்பைத் தேடிக் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் நூறாண்டு வாழட்டும். இரண்டு வடை கருகின. கதவு சாத்திக்கொண்டது. இப்படித்தான் இத்தனை காலமும் அக்கா தன் கணவரைக் கேட்டிருக்கிறார் என்று, கருகிய வடையை எடுத்து ஓரமாக வைத்தபோது புரிந்தது.

பாட்டு முடிந்து, கூட்டம் உள்ளே திரும்பிய பிறகுதான் அக்கா வந்தார். கை கழுவினார். என் கையிலிருந்த ஜல்லிக்கரண்டியை வாங்கிக்கொண்டார். கருகியவற்றைப் பார்த்து, "இதென்னா, ரோடு போடவா?" என்றார். டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை. நாலைந்து டம்ளர் கழுவிய பிறகு அவரே சொன்னார்:

"பாதியிலேருந்து கண்ண மூடிக்கிட்டாரு."

"எப்படி இருந்துச்சு?"

"நீளமா இருந்துச்சு." இன்னொரு டம்ளர். "இன்னும் கொஞ்சம் நீளமா இருந்திருக்கலாம்."

மாலை 6.30. மழை விட்டிருந்தது. மண்டபம் காலியாகிக்கொண்டிருக்க, தேவன் அண்ணன் வயலின் பெட்டியோடு வந்து வேனின் படியில் உட்கார்ந்தார். அக்கா தேயை நன்றாக உயர இழுத்து, நுரை ததும்பக் கொடுத்தார். அவர் ஊதிக் குடித்துவிட்டு, யாருக்கென்று இல்லாமல் சொன்னார்.

"இன்னிக்கு ஒரு ஆன்டி எந்திரிக்கவே இல்ல. மூணாவது வரிசை. சுத்தி எல்லாம் காலி, அவங்க மட்டும் ஒக்காந்திருந்தாங்க. அதுக்காகவே ரெண்டு ரவுண்டு கூடப் போட்டேன்."

அக்கா அவர் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். "புடிச்சிருக்குமா அந்த ஆன்டிக்கு?"

"தெரியல. எந்திரிச்சுப் போகல. அது போதும்லா."

நான் மழைநீர் வடியும் கூடாரத் துணியை மிகுந்த அக்கறையோடு மடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை அண்ணன்தான் வேலைக்குப் போகிற வழியில் என்னைக் கிள்ளான் நிலையத்தில் இறக்கிவிட்டார். அடுத்த ஷோவுக்குக் குத்துப்பாட்டு முடிவாகிவிட்டது, வயலினுக்கு அதில் நாலு வரிதான் என்றார். வருத்தமா என்று கேட்டேன். சிக்னலில் வண்டி நின்றது. அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஏப்ரன் போட்டுக்கிட்டு மூணாவது வரிசையில கச்சேரி கேக்க யாரு வருவா?" என்றார். "அவகிட்ட சொல்லிறாதீங்க. அவளா சொல்ற வரைக்கும் நான் கேக்கப் போறதில்ல."

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது.

ரயிலில் என் வரிசையை எடுத்துப் பார்த்தேன். மன்னார்குடி இருட்டு, யாழ்ப்பாணத்து மைதானம். இரண்டுக்கும் மேலே, நான் இருக்கையில் இல்லாத ஒரு கச்சேரியை வைத்தேன். கேட்டது எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் தேறுமா என்பது சந்தேகம். இருந்தாலும் வைத்தேன்.

ஊர் திரும்பிய வாரமே திருச்சியில் ஒரு சபா கச்சேரி. பாடகர் முடித்து மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். தனி ஆவர்த்தனம். எங்கள் ஊரிலும் இதுதான் மழைப் பாட்டு நேரம். வரிசை வரிசையாக எழுந்தார்கள், கேண்டீன் பக்கமிருந்து காபி மணம் வந்தது. பக்கத்திலிருந்த கணவர், வரவில்லையா என்று கண்ணால் கேட்டார். நான் அசையவில்லை. அவர் பாதி எழுந்தவர், கொஞ்சம் யோசித்து, திரும்ப உட்கார்ந்தார். மேடையிலிருந்து மிருதங்கக்காரர் ஒரு முறை எங்களைப் பார்த்தார். அன்று அவர் கொஞ்சம் நீளமாகவே வாசித்தார்.

நாங்கள் போனபோது கேண்டீனில் வடை தீர்ந்துவிட்டிருந்தது.