தரைக்குப் போகும் வழியில் எரிந்த கலோரி

என் மகள் பிரான்சிலிருந்து அனுப்பிய வாட்ச் ஒரு கோள்மூட்டி. நான் எவ்வளவு கலோரி எரித்தேன் என்பதை உடனுக்குடன் அவள் போனுக்குப் போட்டுக்கொடுத்துவிடும். பார்த்த கையோடு கூப்பிடுவாள்.

"என்னம்மா, ஜிம்முக்குப் போனியா, இல்ல அங்க போயி கதை பேசிட்டு வந்தியா? கலோரி ஏறவே இல்லியே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன் வாட்சுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சாடி? வெயிட்டு தூக்கித் தூக்கி என் இடுப்பு ஒடியுது" என்று கத்திவிட்டு வைத்துவிடுவேன்.

ஜிம் ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருமுனையிலேயே, மாடியில். முற்பகலில் பெண்களுக்கு மட்டும். புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தால், ஜன்னலில் ஒட்டிய நீலக் காகிதம் வழியே வரும் வெளிச்சத்தில் எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருக்கும். கீழே விழுப்புரம் ரோட்டில் அடிக்கும் ஹாரன்கூட எங்கோ தொலைவில் கேட்கும். பயிற்சி கொடுக்கும் பெண் வைத்திக்குப்பத்துக்காரி. "மெதுவா ஆன்ட்டி, மெதுவா இறங்குங்க" என்பாள். இரு கையிலும் டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். கண் பாதி மூடிவிடும். அவள் குரல் தேய்ந்துபோய், எதிரே தரை மட்டும் மிச்சமிருக்கும்.

வாட்சை அவளிடம் காட்டி நியாயம் கேட்டேன். சிரித்தாள்.

"நடந்தா ஓடுனா நல்லா எண்ணும் ஆன்ட்டி. வெயிட்ட இறுக்கிப் பிடிச்சிட்டு நின்னா அதுக்குச் சரியாத் தெரியாது. விடுங்க."

பீச் ரோட்டில் கைவீசி நடந்துவிட்டுச் சுண்டல் தின்கிறவர்களுக்கு அள்ளிக் கொடுக்குமாம்; எனக்கு மட்டும் கிள்ளிக் கொடுக்குமாம். நல்ல நியாயம்!

மகளுக்கு நான் இளைக்க வேண்டும். எனக்கு வேண்டியது வேறு. அதை அவளிடம் சொல்லவில்லை. முட்டி தேய்ந்ததிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதுகொண்டிருந்தேன். சஜ்தாவில் தரையில் பட வேண்டிய நெற்றி படாது. காற்றில் குனிந்து நிமிர்வதோடு சரி. முடியாதவர்களுக்கு மார்க்கத்தில் அது கூடும் என்று எல்லாரும் சொன்னார்கள். கூடும், எனக்கும் தெரியும். மனசு கேட்கவில்லையே! தூக்கத்தில் தரையில் நெற்றி வைப்பேன். பாயின் கோரை வாசம்கூட அடிக்கும். விழித்தால் கட்டில். அழுகை அழுகையாக வரும்.

ஒருநாள் சாயங்காலம், அஸர் தொழுகை நேரம். வீட்டுக்காரர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கை கால் முகம் கழுவி ஒளு செய்யும்போது வாட்சைக் கழற்றிக் குழாய் மேடையில் வைத்தேன். உள்ளே வந்ததும் என்ன தோன்றியதோ, நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயில் நின்றேன். அஸருக்கு நாலு ரக்அத். ஒவ்வொன்றுக்கும் தரைக்குப் போய்த்தான் வர வேண்டும். விழுந்தால் தூக்க வீட்டில் ஆளில்லை. பயமாகத்தான் இருந்தது.

ஜிம்மில் இறங்குவதுபோலவே இறங்கினேன். முட்டி நறநறவென்றது. நெற்றி பாயில் பட்டது. யா அல்லாஹ்! வீடு, தெரு, இந்த உடம்பு எதுவுமே கொஞ்ச நேரம் இல்லை. எங்கோ மிதந்துகொண்டிருந்தேன். பிறகு பாரத்தைத் தொடையில் வாங்கி எழுந்தேன். கால் வெடவெடத்தது. ஆனால் நின்றது. இன்னும் மூன்று பாக்கி.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தும் பாயை விட்டு எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"ஏம்மா, ரொம்ப நேரமா வாட்ச்ல ஒண்ணுமே காட்டல. கழட்டிப் போட்டுட்டுத் தூங்குறியா?"

வேறொரு நாளாக இருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். அன்று பாயைத் தடவிக்கொடுத்தேன்.

"தரையில தொழுதேன்டி" என்றேன்.

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எத்தனை ரக்அத்மா?"

"நாலும்."