பாத்திரக்கடை வீட்டுக் குறைமாசக் குழந்தை

1. பல்பு எரியும் பெட்டி

சரோஜாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தபோது டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் இல்லை, நர்ஸ் நான் மட்டும்தான் இருந்தேன். மேல்சித்தாமூரில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். சரோஜா செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த முதலாளியின் மருமகள். வளைகாப்புக்கு நாள் குறித்து, அவலூர்பேட்டையிலிருந்து பிறந்த வீட்டார் வருவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஏழாம் மாசம்தான். டாக்டரம்மா ஜட்கா வண்டியை விட்டு இறங்கும்போது குழந்தை என் கையில் இருந்தது. ஆண் குழந்தை. அழுகை என்று சொல்ல முடியாது, ஒரு முனகல்.

அறுபதுகளில் செஞ்சியில் இருந்த சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி அது. இன்குபேட்டர் என்ற சொல்லை நான் பரீட்சைத் தாளில் எழுதியிருந்தேன், கண்ணால் பார்த்ததில்லை. ஒரு மரப்பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு, குழந்தையைப் பஞ்சில் சுற்றிப் படுக்கவைத்தோம். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டில். அந்த வெந்நீருக்கு அண்டா கொண்டுவந்து வைத்தவர் முதலாளிதான். கடைக்கு வாரிசு பிறந்திருக்கிறான் என்று மனுஷன் தரையில் நடக்கவில்லை.

தாய்ப்பாலைப் பீய்ச்சி இங்க் ஃபில்லரில் சொட்டுச் சொட்டாக விட்டோம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது, இந்த மூன்றையும் சேர்த்துச் செய்யக் குழந்தையின் மூளை பழகியிருக்க வேண்டும். இவன் மூளை இன்னும் அந்தப் பாடத்துக்கு வந்து சேரவில்லை. கொஞ்சம் அதிகமாகத் தொட்டால் விக்கல் எடுப்பான். விரல்களை விரித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"போதும்னு சொல்றான், விட்டுடுங்க சிஸ்டர்" என்பார் டாக்டரம்மா. பேச்சு வராத பிள்ளை பேசுகிறது என்று நான் முதலில் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

2. தாம்பாளம்

குழந்தை தேறியது. பஸ்ஸில் வைத்து அவலூர்பேட்டைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், சரோஜா பிறந்த வீட்டுக்குப் போகாமல் மாமனார் வீட்டுக்கே போனாள். கடைக்குப் பின்னால் வீடு. மாமியார் காலமாகிவிட்டார். எடை பார்க்க நான் தராசைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி போவேன். கடையின் ஒரு பக்கம் நசுங்கிய குடங்களைத் தட்டி நேராக்கிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் கல்யாணப் பாத்திரங்களில் பெயர் வெட்டுவார்கள். அந்த டொக்டொக்கில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. தொட்டிலுக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

குழந்தைக்கு நாலாம் மாசம் முடியப்போகிற சமயம் ஒருநாள் முதலாளி என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னா சிஸ்டர் இது, நாலு மாசம் ஆவப்போவுது. எதுத்த கடை பேரப்புள்ள மூணாம் மாசமே மூஞ்சியப் பாத்துச் சிரிக்குது. இவன் இன்னும் தலைய நிறுத்தல. யாரையும் பாக்கல. இத்தப் பாரு."

அலமாரியிலிருந்து ஒரு புதுத் தாம்பாளத்தை எடுத்தார். தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் கரண்டியால் ஓங்கி ஒரு அடி அடித்தார். நான் துள்ளி விழுந்தேன். குழந்தை இமைகூடக் கொட்டவில்லை. மெல்லக் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாத்தியா? காது கேக்கல. எங்கூடப் பொறந்தவன் ஒருத்தன் ஊமை, சிஸ்டர். இந்தக் கடைத்தெருவுல அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது. டாக்டரம்மா பாத்து ஒரு வார்த்த சொல்லட்டும். தாயையும் புள்ளையையும் அவலூர்பேட்டையில வுட்டுட்டு வந்துடுறேன். எம் பையனுக்குத் திண்டிவனத்துல வேற பொண்ணு இருக்குது."

பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தேன். "நைனா சொன்னா சரிதான் சிஸ்டர்" என்றான். அதே தாம்பாளத்தால் அவன் தலையில் ஒன்று போட்டால் என்ன என்று தோன்றியது. நர்ஸ் யூனிஃபார்ம் தடுத்தது.

சரோஜா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மாமனார் எதிரில் மருமகள் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். ஏதாவது வேண்டுமென்றால் கதவைத் தட்டுவாள், புருஷன் போய்க் கேட்டுவந்து சொல்வான். நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

"சிஸ்டரக்கா, அவனுக்குக் காது கேக்குதுக்கா. பால் குடிக்கிறப்ப காதாண்ட மெதுவா கூப்ட்டா, குடிக்கறத நிறுத்திட்டு என்னையே பாக்குறான்."

"இத மாமனார்கிட்ட சொன்னியா?"

"அவரு எதுருல நான் எப்டிக்கா பேசறது?"

பெற்றவள் ஆசைக்குச் சொல்கிறாளா, நிஜமாகவே பார்த்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நேராகப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "குழந்தைய வெறும் வயித்தோடவும் கொண்டுவரக் கூடாது, தூக்கத்துலயும் கொண்டுவரக் கூடாது. பால் குடிச்சுட்டு முழிச்சிக்கிட்டு இருக்கற நேரமா வரச் சொல்லுங்க" என்றார்.

3. ஜன்னலுக்கு வெளியே

மாமனார், மகன், மருமகள் மூவரும் வந்தார்கள். டாக்டரம்மா தெருப்பக்கத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். குழந்தையை மேஜைமேல் துணி விரித்துப் படுக்கவைத்தோம்.

"சரோஜா, நீ எப்பவும் கூப்பிடற மாதிரி கூப்பிடு."

அவள் மாமனாரை ஒரு தரம் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூப்பிடும்மா."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. குழந்தை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். எல்லோரும் சுற்றி நின்று குனிந்து பார்த்ததில் அவனுக்கு விக்கல் வந்தது, விரல்கள் விரிந்தன.

"நான்தான் சொன்னேனே டாக்டரம்மா" என்றார் முதலாளி. குரலில் கோபம் இல்லை. உடைந்துபோயிருந்தார்.

அந்தப் பிள்ளை கேட்டுத் திரும்புவது ஒரே ஒரு குரலுக்கு. தீர்ப்புச் சொல்கிறவர் எதிரில் அந்தக் குரல் வெளியே வராது.

டாக்டரம்மாவுக்கும் அது புரிந்துவிட்டது. "முதலாளி, நீங்களும் உங்க மகனும் வராண்டாவுக்குப் போங்க."

"நான் பாக்க வேணாமா?"

"ஜன்னல் வழியாப் பாருங்க. இருக்கற சத்தமே தெரியக் கூடாது."

அவர்கள் போனார்கள். சரோஜாவை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தேன். குழந்தையின் விக்கல் அடங்கும்வரை யாரும் அவனைத் தொடவில்லை. பிறகு அவள் குனிந்தாள்.

"ராசா... எங்க பாக்குற? அம்மா இங்க இருக்கேன். இங்க பாரு."

உதைத்துக்கொண்டிருந்த கால்கள் நின்றன. நெற்றி சுருங்கியது. கண்கள் அகலமாகத் திறந்தன. தலை மெல்ல மெல்லத் திரும்பி அவள் முகத்தில் வந்து நின்றது. டாக்டரம்மா சைகை காட்ட, சரோஜா மறுபக்கம் போய்க் கூப்பிட்டாள். கொஞ்சம் தடுமாறினான். பிறகு அந்தப் பக்கமும் தேடிக்கொண்டு வந்தான். வாயோரம் லேசாக விரிந்தது. நான் சிரிப்பு என்றேன். டாக்டரம்மா வாயு என்றார். இன்றுவரை என் கட்சி சிரிப்புதான்.

முதலாளி உள்ளே வந்தார். "அப்ப தாம்பாளம்?" என்று மட்டும் கேட்டார்.

"அவன் நாள் பூரா அந்தச் சத்தத்துலதான் தூங்குறான். கடைத்தெருவுல பஸ் ஹாரன் அடிச்சா நீங்க திரும்பிப் பாக்குறீங்களா? அது மாதிரிதான். அப்புறம், எதுத்த கடைக் குழந்தையோட சேத்து எண்ணாதீங்க. இவன் ரெண்டு மாசத்துக்கு மேல முன்னாடி வந்தவன். வயித்துல இருக்க வேண்டிய நாளக் கழிச்சிப் பாருங்க. இவனுக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகல. எதுவும் கெட்டுப்போகல."

முதலாளி குழந்தையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் சரோஜாவைப் பார்த்தார். அவள் எழுந்து, மறுபடியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியிருந்தாள்.

"நீ எங்கூட்டுக்கு வந்து ரெண்டு வருசமாவுது" என்றார். "உன் கொரல இன்னிக்குத்தாம்மா கேக்குறேன்."

அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. எனக்கும்தான்.

"இனிமே நான் எதுருல இருந்தாலும் பேசும்மா. புள்ள கேக்கட்டும்."

திண்டிவனத்துப் பேச்சு அதோடு நின்றது. பையன் எதிர்த்த கடைப் பிள்ளையைவிடத் தாமதமாகத்தான் குப்புற விழுந்தான், தாமதமாகத்தான் நடந்தான். தன் கணக்கில் எதையும் அவன் தவறவிடவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். குறைமாசக் குழந்தைக்குக் காது கேட்கிறதா, கண் பார்க்கிறதா என்று சோதிப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் குழந்தையோடு பேசுகிறவர் யார் என்று கேளுங்கள். அவள் பெரும்பாலும் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருப்பாள். அவளை முன்னால் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்த பிறகு குழந்தையைக் கையில் எடுங்கள்.