பழைய பெட்டி மெதுவாகத்தான் படிக்கும்

தொக்தோசுனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. அதனால் நாலாவதாக வந்தவனுக்கு ‘நிற்கட்டும்’ என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார்கள். அவனும் நின்றான். ஐம்பத்து நாலு வயதாகியும் நின்றுகொண்டேதான் இருக்கிறான், முதுகு வலியோடு.

வலி வழக்கமாக நாரின் ஆறு ஓரத்தில் உறையத் தொடங்கும்போது வரும். அந்த வருடம் அக்டோபரிலேயே வந்துவிட்டது. சந்தையின் கடைசி வரிசையில் ஒரு சரக்குப் பெட்டகம்தான் அவன் கடை. நாலு பக்கமும் இரும்பு. கோடையில் வேகும், குளிரில் விறைக்கும். உள்ளே சின்ன மின்னடுப்பு ஒன்று உண்டு. எதிர்க்கடை இறைச்சிக்காரன் எலும்பு அறுக்கும் ரம்பத்தை ஓட்டினால் அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வரிசை முழுக்க மின்சாரம் போய்விடும். இறைச்சிக்காரன் நாள் முழுக்க ரம்பத்தை ஓட்டுவான்.

இளமையில் தலைநகரம் பிஷ்கெக்கில் ரேடியோத் தொழில் படித்தான். படித்து முடித்து ஆலையில் சேர்ந்தான், ஆலையை மூடினார்கள். மாமனாரின் ஆடுகளை மேய்த்தான். ஒரு பனிக்காலம் பாதி மந்தையை வாரிக்கொண்டு போனது. சைபீரியாவில் செங்கல் சுமந்தான். முதுகைக் கொடுத்துவிட்டு வந்தான். கடைசியில் இந்தப் பெட்டகம். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் என்று ஊரில் பெயர். உண்மையில் பாதி நேரம், செத்ததைச் செத்தது என்று சொல்வதுதான் வேலை. அதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. “நல்லாப் பாத்தியா?” என்று கேட்பார்கள். திரும்பவும் திறந்து பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு அதையே சொல்ல வேண்டும்.

அசில்கான் அக்கா தன்னுடைய கம்ப்யூட்டரை ஒரு மெத்தையில் சுற்றி, குழந்தைகள் பனியில் சறுக்கும் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஆற்றங்கரைத் தெருவில் இருக்கிற விதவை. ஒரே மகன் ரிஸ்பெக் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான்.

“தம்பி, இதுக்கு உயிர் இருக்கா பாரு.”

தொக்தோசுன் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே நீர் கோத்து, இரும்பெல்லாம் துருப்பிடித்திருந்தது.

“அக்கா, இதக் கொண்டுபோயி ஆத்துல முக்கினியா?”

“முக்கல. உங்க மாமா இருந்தப்ப வீட்டுல நல்ல இடத்துலதான் இருந்துது, பூத்துணி போத்தி வச்சிருந்தேன். ஓடுறப்பகூட துணிய எடுக்க மாட்டேன், தூசி படக்கூடாதுன்னு. ஒரு நாள் புகைஞ்சு நின்னுடுச்சு. அப்புறம் சாமான் அறையில கெடந்துது. போன வாரம் எடுத்தா விறைச்சுக் கெடக்கு. குளிர்ல பொறந்த ஆட்டுக்குட்டிய அடுப்போரம் வைப்போமில்ல, அப்படி வச்சேன்.”

“ஆட்டுக்குட்டி நனைஞ்சா நக்கிவிட அதோட ஆத்தா இருக்கும். இதுக்கு யாரு இருக்கா?”

“அதுக்குத்தானே உன்கிட்ட கொண்டாந்தேன்” என்றாள் அக்கா.

அவளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். அதற்குள் இருக்கிற பிள்ளைதான் வேண்டும். ரிஸ்பெக் சிறுவனாக இருந்தபோது அவள் கணவர் சின்ன கேமரா ஒன்று வாங்கி, எடுத்த படத்தையெல்லாம் இதில்தான் போட்டு வைத்தார். காகிதத்தில் ஒன்றுகூட இல்லை. இப்போது ரிஸ்பெக்குக்குப் பெண் பார்த்து, அவள் காதில் நிச்சயக் காதணியும் போட்டாகிவிட்டது. வசந்தத்தில் கல்யாண விருந்து. இந்தக் காலத்து விருந்துகளில் பெரிய திரை கட்டி, மாப்பிள்ளையும் பெண்ணும் தவழ்ந்தது முதல் காட்டுகிறார்கள். பெண் வீட்டில் மூட்டையாகப் படம் வைத்திருந்தார்கள்.

“எங்க பக்கம் திரை வெறுமையா இருந்தா சனங்க என்ன சொல்லும்? இவன் இருபது வயசுலயே பொறந்தானான்னு கேக்கும்” என்றாள். “குதிரைப் பந்தயத்துல ஓட்டுன படம் ஒண்ணு இருக்கு தம்பி. பதினோரு வயசு. அது மட்டுமாவது எடுத்துக் குடு.”

தொக்தோசுன் படங்கள் பதிந்திருக்கும் வன்தட்டைப் பிரித்தெடுத்து, ஒரு இரவு முழுக்க அடுப்புக்கு எட்ட வைத்து மெல்ல உலர்த்தினான். துருவைத் துடைத்தான். கடையில் இருந்த புதிய மடிக்கணினியில் இணைத்தபோது, அது தட்டை ஒரு நொடி தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. புதியவற்றுக்கு அவ்வளவுதான் பொறுமை. ஆகவே அவன் மேசைக்கு அடியிலிருந்து பழைய பெட்டியை இழுத்தான். ஒரு பள்ளிக்கூடம் தூக்கிப் போட்டது. சாம்பல் நிறம், கழுதைக் கனம். வன்தட்டைப் போலவே அதுவும் பழைய காலத்து ஆள். பட்டையான நாடாக் கம்பியால் இரண்டையும் இணைத்து, வன்தட்டின் முதுகிலிருந்த சின்ன உலோகச் செருகியை இடம் மாற்றி, இதுதான் இரண்டாவது தட்டு என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தான்.

பெட்டி முனகியது. வன்தட்டு சொடக்குப் போட்டது, நின்றது, மறுபடி சொடக்குப் போட்டது. படிக்க முடியாத இடம் வந்தால் பழைய பெட்டி கைவிடாது; பின்னால் போய்த் திரும்பப் படிக்கும், கிடைக்காவிட்டால் இன்னொரு தரம். முழுவதையும் படியெடுக்க ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். மறுநாள் காலை வந்து பார்த்தபோது எல்லாம் வந்திருந்தது. தொக்தோசுனுக்கே நம்ப முடியவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவருக்கு நல்ல செய்தி சொல்லப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான்.

தண்ணீர் கொதிப்பதற்குள் ஜோல்தோஷ் வந்துவிட்டான். அக்காவின் கொழுந்தன். உள்ளே வந்து கதவைச் சாத்தினான். தொப்பியைக் கழற்றவில்லை.

“அண்ணே, ரிஸ்பெக் போயிட்டான்.”

“எங்க போயிட்டான்?”

ஜோல்தோஷ் கொதிக்கத் தொடங்கிய தண்ணீரை அணைத்தான். தொக்தோசுன் மெல்ல முக்காலியில் உட்கார்ந்தான்.

“சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். ஞாயித்துக்கிழமை. வெள்ளிக்கிழமை விடியக்காலை உடம்பு இங்க வந்துரும். பெரியவங்க அன்னைக்கு ஒண்ணாப் போயி அண்ணிகிட்ட சொல்லிடுவாங்க. அது வரைக்கும் அவங்களுக்குத் தெரியக் கூடாது.”

தொக்தோசுன் தலையாட்டினான். இதை யாரும் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. சாவுச் செய்தியைப் போனில் சொல்லிவிட்டு வைத்துவிடும் பழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை. உடம்பு வாசலை நெருங்கும்போது பெரியவர்கள் கூடிப்போய், தாயை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். அதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்; அக்கம்பக்கத்துப் பெண்கள் சாவு வீட்டு ரொட்டிக்கு மாவுகூடப் பிசைந்திருப்பார்கள். தாய்க்கு மட்டும் தெரியாது.

“வீட்டுல இருந்தா அக்கம்பக்கத்துல யாராவது உளறிடுவாளுங்க” என்றான் ஜோல்தோஷ். “உன் கடைக்குத்தான் தெனம் வந்து உக்காருறாங்களே. இங்கயே வச்சுக்க. வேலை முடிஞ்சுதுன்னு மட்டும் சொல்லிடாதே.” சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசையில் வைத்தான். “இது அவங்களோடது. சார்ஜ் ஏறலன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன். இதையும் பழுது பாக்கற மாதிரி வச்சுக்க.”

நல்ல போன். அதற்கு ஒரு குறையும் இல்லை.

அக்கா மதியம் வந்தாள். ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்திருந்தாள். “என்னாச்சு?” என்றாள்.

“பழைய பெட்டி அக்கா. மெதுவாத்தான் படிக்கும்” என்றான் தொக்தோசுன்.

பொய் சொல்வது செங்கல் சுமப்பதைவிடக் கனம் என்று அவனுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. அவள் வந்து உட்கார்ந்து விருந்துக்கு எந்தக் குதிரையை அறுப்பது, சம்பந்தியை எங்கே உட்கார வைப்பது என்று பேசுவாள். அவன் அவளுடைய காலிக் கம்ப்யூட்டரின் திருகாணியைக் கழற்றி மாட்டுவான். “அந்த போன் என்னாச்சு?” என்பாள். “சாமான் பிஷ்கெக்லேர்ந்து வரணும்” என்பான். “எல்லாத்துக்கும் ஒரு சாக்கு வச்சிருக்கே. உன்னைக் கட்டிக்கிட்டவ பாவம்” என்று சிரிப்பாள். அவனும் சிரிக்க வேண்டும். சாயங்காலம் கடையைப் பூட்டும்போது அவனுக்குக் கை தூக்க முடியாது.

அவள் இல்லாத ஒரு நேரத்தில் அந்தப் படத்தை ஓட்டிப் பார்த்தான். மேய்ச்சல் நிலம், பையன்களின் குதிரைப் பந்தயம். தொப்பி காற்றில் பறக்க ரிஸ்பெக் நாலாவதாக வருகிறான். கேமராவைப் பிடித்திருக்கும் தகப்பனார், “அடிடா கழுதை, குதிகாலால அடி” என்று கத்துகிறார். உடனே அவரே சிரிக்கிறார், படம் ஆடுகிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் குரல், “விழுந்துடாதேடா, விழுந்துடாதே” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. தொக்தோசுன் நிறுத்திவிட்டான். அவனுடைய இரண்டு மகன்களும் மாஸ்கோவில்தான் இருந்தார்கள். மூத்தவனைப் போனில் கூப்பிட்டான்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?”

“இதுக்காப்பா வேலை நேரத்துல கூப்பிட்ட?”

“சரி, வை” என்றான்.

வியாழக்கிழமை அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். கையில் ரொட்டி இல்லை. முக்காலியில் உட்கார்ந்தாள், விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே இறைச்சிக்காரனின் ரம்பம் ஓடியது. தொக்தோசுன் அடுப்பை அணைத்தான். அணைத்துவிட்டுத் திரும்பியபோது அவனுக்கு எல்லாம் போதும் என்று ஆகிவிட்டது. நாளைக்கு இந்நேரம் இவள் நிலைமை என்னவாக இருக்கும்? அதற்கு முன்னால் ஒரு தடவையாவது பிள்ளை குதிரை ஓட்டுவதைச் சிரித்துக்கொண்டு பார்க்கட்டுமே. ஜோல்தோஷ் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று துணிந்துவிட்டான்.

“அக்கா, வேலை முடிஞ்சுது. எல்லாப் படமும் வந்துடுச்சு” என்றான்.

அக்கா கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

“முடியல தம்பி” என்றாள்.

“இல்லக்கா, முடிஞ்சு…”

“முடியலன்னு சொல்லு.” குரல் உயரவில்லை. “என் கொழுந்தன் ரெண்டு நாளா என் மாட்டுக்குத் தீனி போடுறான். இருபது வருஷமா எங்க தொழுவத்துப் பக்கம் எட்டிப் பாக்காதவன். பக்கத்து வீட்டுல மாவு பெசையுறாளுங்க, என்னைக் கண்டதும் துணியப் போட்டு மூடுறாளுங்க. என் போன் நல்லாத்தான் இருந்துது. நானும் எத்தனை வீட்டுக்கு இப்படி மாவு பெசைஞ்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“அக்கா…” என்றான் தொக்தோசுன்.

“நீ எதுவும் சொல்லாதே. எனக்கு யாரும் எதுவும் சொல்லல. சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. என் புள்ள வேலையில இருக்கான், நான் அவன் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்திருக்கேன். இது முடிஞ்சுடுச்சுன்னா நான் வீட்டுக்குப் போகணும். வீட்டுக்குப் போனா அவங்க வந்துடுவாங்க.” பழைய பெட்டியை முகவாயால் காட்டினாள். “அது ஓடட்டும்.”

தொக்தோசுன் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மேசைக்கு அடியில் இருந்த பெட்டியை மறுபடி இழுத்தான். நாடாக் கம்பியைச் செருகினான். ஏற்கெனவே வந்துவிட்ட எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கச் சொல்லி விசையைத் தட்டினான். பெட்டி முனகியது. வன்தட்டு சொடக்குப் போட்டது. திரையின் அடியில் நீலக் கோடு ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அளவில், நகரத் தொடங்கியது.

அக்கா முக்காலியை இழுத்துத் திரைக்கு நேரே போட்டுக்கொண்டாள்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“நாளைக்குக் காலை வரைக்கும் ஆகும் அக்கா.”

“ஆகட்டும்” என்றாள்.