ஒன்பது நொடிக்கு நான் வைத்த பெயர்

என் கணவரின் பென்ஷன் காகிதங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் அந்தப் பழைய ரெக்கார்டர் கையில் பட்டது. கைக்குட்டையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. அவர் போய் இரண்டு மாதம் முடிந்திருந்தது. காகிதத்தை விட்டுவிட்டு பேட்டரி தேட ஆரம்பித்தேன். துக்கத்தில் இருக்கும்போது, செய்ய வேண்டிய வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கை செய்யும்.

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்கள் பேச்சின் நடுவே ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் ஒரு காலத்தில் என் ஆய்வு. முறை எளிது. ஒருவரைப் பேசவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். முடிந்த கையோடு அதையே அவருக்குப் போட்டுக் காட்டி, நின்ற இடத்தில் நிறுத்தி, அப்போது மனதில் என்ன ஓடியது என்று கேட்க வேண்டும். வெளியே இருந்து கேட்டால் எல்லா மௌனமும் ஒன்றுதான், உள்ளே நடந்ததைப் பேசியவர்தான் சொல்ல முடியும் என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் பெருமையாக எழுதியிருந்தேன். எழுதியதெல்லாம் சரிதான். கேட்ட விதத்தில்தான் கோட்டை விட்டேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் சாயங்கால வகுப்பு எடுத்தேன். அங்கே படிக்க வந்தவர்களையே ஆய்வுக்கும் பிடித்துக்கொண்டேன். அவர்களில் ஒருவர் நர்ஸ். வகுப்பில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான், எனக்கும் அப்படியே. லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவர். டியூட்டி முடிந்து முகம்கூடக் கழுவாமல் வகுப்புக்கு ஓடி வருவார். வெளிநாட்டில் ஒரு வேலை அவருக்குத் தயாராக இருந்தது. நடுவில் நின்றது ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்றுதான். இரண்டு முறை தவறியிருந்தார். மூன்றாவதும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். "எம் பொண்ணு காலேஜ் சேர்றதுக்குள்ள அங்க போய் நின்னுடணும் மேடம்" என்று வாரம் ஒரு முறையாவது சொல்வார்.

அவருக்கு நான் கொடுத்த ஒத்திகை இது. நான் நோயாளியின் மகள், அவர் நர்ஸ். என் அப்பா பிழைக்க மாட்டார் என்று எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ரெக்கார்டரைப் போட்டேன். மேஜையில் நோட்டு, கையில் பென்சில், கண் கடிகாரத்தில். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பதில் வரவில்லை. ஒன்பது நொடி. பிறகு தாழ்ந்த குரலில் மூன்றே வாக்கியம் சொன்னார். மூன்றும் சுத்தமாக இருந்தன.

உடனே போட்டுக் காட்டினேன். மௌனத்தில் நிறுத்தி, "இங்க என்ன ஆச்சு சிஸ்டர், வார்த்தை கிடைக்கலையா?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஆமாங்க மேடம்" என்றார். நோட்டில் எழுதினேன்: ஒன்பது நொடி, சொல் தேடல்.

பாடம் சொல்லிக் கொடுக்கிறவர் கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கேட்டால், இல்லை என்று சொல்வது நம் பக்கத்தில் மரியாதை ஆகாது. இது தெரியாமலா நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தேன்? நோட்டு முழுக்க எல்லோரும் ஆமாங்க மேடம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். என் ஆய்வு பிரமாதமாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் கழித்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கும் சிஸ்டருக்கும் பக்கத்துப் பக்கத்து ஸீட் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது.

"மேடம், ஒன்னு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அன்னைக்கு வார்த்தையெல்லாம் இருந்துச்சுங்க. வார்டுல நான் உடனே சொல்ல மாட்டேன். முதல்ல பக்கத்துல போய் உட்காருவேன். என் முகத்தைப் பாத்தே அவங்க பாதி புரிஞ்சுக்குவாங்க. மீதியைத்தான் சொல்லுவேன்."

"அப்புறம் ஏன் ஆமாம்னு சொன்னீங்க?"

"நீங்க கேட்டுட்டீங்களே மேடம்."

மறுநாள் இதை என் ஆய்வு நெறியாளரிடம் சொன்னேன். பேசிய கையோடு சொன்னால்தான் சேர்ப்போம், நாள் கழித்துப் பஸ்ஸில் சொன்னது சேராது, நினைவு இட்டுக்கட்டும் என்றார் அவர். அந்த விதி நியாயமானதுதான். ஆனால் எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அட்டவணையெல்லாம் போட்டு முடித்திருந்தேன், திருத்த வேண்டாம். அதைவிட மோசமாக இன்னொன்றும் செய்தேன். தேர்வுக்கு மௌனம் ஆகாது என்று சொல்லி, "அதாவது", "எப்படிச் சொல்வதென்றால்" என்கிற மாதிரி இடைவெளியை அடைக்கும் ஆங்கிலச் சொற்களை ஒரு மாதம் அவரை உருப்போட வைத்தேன். பாவம், பஸ் ஸ்டாப்பில்கூட முணுமுணுத்துக்கொண்டு நிற்பார். தேறிவிட்டார்.

சமயபுரத்தில் மாவிளக்குப் போட்டுவிட்டு, பிரசாதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர்தான் காபி போட்டுக் கொடுத்தார். செருப்பை மாட்டும்போது சிஸ்டர் கேட்டார்: "அங்க போயி நோயாளி வீட்டுக்காரங்ககிட்டயும் இப்படித்தான் விடாம பேசணுமா மேடம்?"

"ஆமா சிஸ்டர், அங்கெல்லாம் அப்படித்தான்" என்றேன். சென்னையைத் தாண்டி ஓர் இடமும் பார்க்காதவள் நான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் முன்பு, காலை பத்து மணி இருக்கும், மருத்துவமனை வராந்தாவில் நின்றிருந்தேன். சின்ன வயது டாக்டர் வந்தார். நல்ல பிள்ளைதான், அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நின்ற இடத்திலேயே, தடுமாறாமல், கோர்வையாக எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. "அவர் எப்படி இருக்கார்?" என்று மறுபடி கேட்டேன். அவரும் மறுபடி, இன்னும் தெளிவாகச் சொன்னார். அப்போது யாராவது வாயை மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார மாட்டார்களா என்று இருந்தது.

பேட்டரி கிடைத்தது. ரெக்கார்டரில் என் குரல் கேட்டது: அப்பா எப்படி இருக்கிறார். பிறகு அந்த மௌனம். காதோடு வைத்துக் கேட்டேன். நடுவில் ஒரு கரகரப்பு. இரும்பு நாற்காலி சிமெண்ட் தரையில் இழுபடும் சத்தம். அதன்பின் துணி உரசல், மிக அருகில். ஒத்திகை என்று தெரிந்தும் சிஸ்டர் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சத்தம் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறவர், நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். "சிஸ்டர், அங்கெல்லாம் அப்படித்தான்னு அன்னைக்குச் சொன்னேனே, அது தப்பு. தெரியாம சொல்லிட்டேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் கணவர் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"மேடம், முதல்ல உட்காருங்க" என்றார் சிஸ்டர். பிறகு மெதுவாக, "சார்தானே?" என்றார்.

பீரோ முன்னால் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல், போனையும் வைக்காமல் இருந்தார். எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை.

பிறகு நோட்டைப் பிரித்து அந்த வரியைத் தேடினேன். சொல் தேடல் என்பதை அடித்துவிட்டு எழுதினேன்: பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.